ஓடினால் இரைக்கிறது என்பதற்காக ஓட்டத்தை விட வேண்டுமா?

ஓசூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய 14 வயது மகள் பள்ளிக்காக 1500 மீட்டர் ஓடுகிறாள். மார்கழி பிறந்ததிலிருந்து, காலைப் பயிற்சி முடிந்த ஐந்து நிமிடங்களுக்குள் அவளுக்கு விடாத இருமல் வருகிறது. நெஞ்சைக் கட்டிப் போட்டதுபோல் இருக்கிறது என்கிறாள். அரை மணி நேரத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது. ஓடுவதற்கு முன் எடுத்துக்கொள்ளச் சொல்லி மருத்துவர் நீல நிற இன்ஹேலர் ஒன்றைத் தந்திருக்கிறார். உடற்கல்வி ஆசிரியர் ஓட்டத்தையே விட்டுவிடச் சொல்கிறார். வீட்டில் பாட்டியோ, பம்பு பழகிவிட்டால் பிறகு விடாது என்று அஞ்சுகிறார். இந்த மூவரில் யார் சொல்வதைக் கேட்பது என்பதே கேள்வி.

நெஞ்சுநோய் மருத்துவத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன் என்பதால், இதே கேள்வியை வெவ்வேறு பெற்றோரின் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் தொடர்ந்து ஓடலாம். மருத்துவர் தந்த இன்ஹேலர் சரியான மருந்துதான். ஆனால் அது மட்டும் அவளுக்குப் போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு ஓடும்போதெல்லாம் இரைக்கிறது என்றால், அவளுடைய மூச்சுக்குழாய்களின் உட்சுவர் ஓடாத நேரத்திலும் புண்பட்டு வீங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். அந்த வீக்கத்தை நீல இன்ஹேலர் தொடுவதே இல்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் மற்ற அறிவுரைகளுக்குக் காரணம் விளங்கும்.

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறோம். அந்த அளவை மூக்கே சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி உள்ளே அனுப்பிவிடும். வேகமாக ஓடும்போது நிமிடத்துக்கு 60, 80 லிட்டர் என்று காற்று தேவைப்படுகிறது. தேர்ந்த வீரர்களுக்கு அது 150 லிட்டரையும் தாண்டும். அப்போது மூக்கு போதாமல் வாயால் மூச்சு விடுகிறோம். நுரையீரலின் அடிவரை போய்ச் சேரும் காற்று 37 டிகிரி வெப்பத்தில், முழு ஈரத்தோடு இருந்தாக வேண்டும். அந்த நிலையில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 44 மில்லிகிராம் நீராவி இருக்கும். ஓசூரின் மார்கழிக் காலையில் வெப்பம் 12 டிகிரி என்று வைத்துக்கொண்டால், பனி மூடியிருந்தாலும் ஒரு லிட்டர் காற்று 11 மில்லிகிராமுக்கு மேல் நீராவியைத் தாங்காது. மீதி 30 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஈரத்தை, ஒவ்வொரு லிட்டருக்கும், மூச்சுக்குழாய்களின் உட்சுவர்தான் கொடுத்தாக வேண்டும். கண்ணுக்கு ஈரமாகத் தெரியும் பனிக்காற்று நுரையீரலுக்கு வறண்ட காற்றாக இருப்பது இதனால்தான்.

இப்படி ஈரம் உறிஞ்சப்படும்போது, உட்சுவரின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலம் சுண்டி, அதில் உப்பின் செறிவு கூடுகிறது. அந்தச் செறிவு அங்கே காத்திருக்கும் மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்ட, அவை ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன், புரோஸ்டாகிளாண்டின் ஆகிய வேதிப்பொருள்களை வெளிவிடுகின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி சுரக்கிறது, வழி குறுகுகிறது. இந்த விளக்கத்தை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பணியாற்றிய சாண்ட்ரா ஆண்டர்சன். ஏற்கெனவே அழற்சி, அதாவது முன்பு சொன்ன புண்பட்ட வீக்கம், உள்ள குழாய்களில் மாஸ்ட் செல்களும் அவற்றின் துணைச் செல்களும் மிகுந்திருப்பதால், அதே ஓட்டம் பக்கத்தில் ஓடும் தோழிக்கு ஒன்றும் செய்யாதபோது உங்கள் மகளுக்கு மட்டும் நெஞ்சை இறுக்குகிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போது வராமல் நின்ற பிறகு ஏன் வருகிறது என்று பலரும் வியக்கிறார்கள். ஓடும்போது அட்ரினலினும் ஆழ்ந்த மூச்சுகளும் குழாய்களை விரித்து வைத்திருக்கின்றன. நின்றதும் அந்தத் தாங்கல் விலகிவிடுகிறது. ஆகவே இரைப்பு நின்ற ஐந்து முதல் 15 நிமிடங்களில் உச்சத்தை எட்டி, பெரும்பாலும் 30 முதல் 90 நிமிடங்களுக்குள் தானே அடங்குகிறது. உங்கள் மகளின் கதை இந்த ஒழுங்கோடு அச்சு மாறாமல் பொருந்துகிறது. அவளுக்கு 'வீசிங்' சத்தம் கேட்கவில்லையே என்று எண்ண வேண்டாம். நம் ஊர்களில் இழுப்பு என்றும், ஈழத்தில் முட்டு என்றும் சொல்லப்படும் ஆஸ்துமா பிள்ளைகளிடம் பல வேளைகளில் இருமலாக மட்டுமே தலைகாட்டும். ஓடி முடித்தபின் வரும் வறட்டிருமலைச் சளி என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் இருமல் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த வீடுகள் பல உண்டு.

ஆயினும், கதை பொருந்துகிறது என்பதால் மட்டும் நோயை உறுதி செய்துவிடக் கூடாது. அறிகுறியை மட்டும் வைத்து முடிவு செய்தால் இருபக்கமும் பிழை நேரும். உறுதி செய்யும் முறை எளியது. ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதச் செய்து முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு டிரெட்மில்லிலோ நிலைச் சைக்கிளிலோ, இதயத்துடிப்பு உச்ச அளவின் 80 முதல் 90 விழுக்காட்டை எட்டும்படி ஆறு முதல் எட்டு நிமிடங்கள் கடுமையாக உழைக்கச் செய்து, நின்றபின் 5, 10, 15, 30 நிமிடங்களில் மீண்டும் ஊதச் சொல்வார்கள். முதல் அளவிலிருந்து 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால் நோய் இருக்கிறது என்று கொள்வது பொது வழக்கு. பிள்ளைகளுக்குச் சில இடங்களில் இன்னும் சற்று உயர்ந்த எல்லையை வைத்திருக்கிறார்கள். மெதுவாகச் சூடேற்றி ஓடவிட்டால் இந்தச் சோதனை பொய்யாக நன்றாக வந்துவிடும் என்பதால், இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் முழு வேகத்துக்குக் கொண்டுவருவது முக்கியம். இந்த வசதி அருகில் இல்லையென்றால், மருத்துவரின் ஒப்புதலோடு, பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவியை வாங்கி மைதானத்திலேயே ஓட்டத்துக்கு முன்பும் பின்பும் ஊதிப் பார்க்கலாம். 15 விழுக்காட்டுக்குக் குறையாத வீழ்ச்சி தொடர்ந்து தெரிந்தால் அது வலுவான தடயம்.

ஓடினால் மூச்சு வாங்குவதெல்லாம் ஆஸ்துமா அல்ல. வளரிளம் பெண்களிடம், அதுவும் போட்டிகளில் முனைப்பாக ஓடும் பெண்களிடம், குரல்வளை குறுகுவதால் வரும் மூச்சுத்திணறல் ஒன்று உண்டு. அதை ஆஸ்துமாவாகவே எண்ணி இன்ஹேலர் மேல் இன்ஹேலராகக் கொடுத்துப் பயனின்றிப் போனவர்கள் ஏராளம். வேறுபடுத்தும் குறி இதுதான்: ஆஸ்துமாவில் நின்ற பிறகு மோசமாகும், மூச்சை வெளியே விடுவது கடினம், இறுக்கம் நெஞ்சில் தெரியும்; குரல்வளைச் சிக்கலிலோ ஓட்டத்தின் உச்சத்திலேயே வரும், மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று சத்தம் கேட்கும், இறுக்கம் தொண்டையில் தெரியும், நின்ற சில நிமிடங்களில் மறைந்துவிடும், நீல இன்ஹேலர் எந்த மாற்றமும் தராது. இதற்கு மருந்தைவிடப் பேச்சுப் பயிற்சியாளர் கற்றுத்தரும் மூச்சுப் பயிற்சியே மருத்துவம். அடுத்தது இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆகவே ஓடினால் களைத்து மூச்சு வாங்கும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் பார்க்காமல் இருப்பது சரியல்ல. ஓடும்போது மயக்கம் வந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தாலோ, இதயப் பரிசோதனை முடியும்வரை ஓட விடாதீர்கள். இந்த ஒரு நிலையில் மட்டும் உடற்கல்வி ஆசிரியரின் பக்கம் நிற்கிறேன்.

இனி மருந்துக்கு வருகிறேன். நீல இன்ஹேலரில் இருப்பது சால்பியூட்டமால். ஒரு பஃப்பில், அதாவது ஒருமுறை அழுத்தினால், 100 மைக்ரோகிராம். ஓடுவதற்கு 10 முதல் 15 நிமிடங்களுக்கு முன் இரண்டு பஃப் எடுத்தால், அது குழாயைச் சுற்றிய தசையைத் தளர்த்தி இரண்டு முதல் நான்கு மணி நேரம் காக்கும். கை சிறிது நடுங்கலாம், நெஞ்சு சற்றே வேகமாகத் துடிக்கலாம். வேறு பெரிய தொல்லை பொதுவாக இல்லை. பாட்டியின் அச்சத்துக்கு என் விடை, இது சாராயம்போல் அடிமைப்படுத்தும் பொருள் அல்ல என்பது. ஆனால் அவருடைய அச்சத்தில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது, அதை மதிக்க வேண்டும். சால்பியூட்டமாலை மட்டும் நாள்தோறும் எடுத்துக்கொண்டே இருந்தால், உடலில் அது பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் குறைந்து, அதன் காப்பு நேரமும் வலுவும் சுருங்கிவிடுகின்றன. உள்ளே அழற்சி தன் போக்கில் வளர, வெளியே நிவாரணம் மட்டும் கிடைத்துக்கொண்டிருக்கும். 200 பஃப் கொண்ட குப்பிகள் ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் கடும் இரைப்பு வரும் அபாயம் கூடுகிறது என்றும், 12 குப்பிகளை எட்டினால் உயிருக்கே அபாயம் கூடுகிறது என்றும் ஜினா என்னும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுக் குழு எச்சரிக்கிறது. வாரம் ஐந்து நாள் பயிற்சிக்கு இரண்டிரண்டு பஃப் என்றால் ஆண்டுக்கு எத்தனை குப்பி என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரைக் குப்பிக்கு மேல் வரும், அவசரத்துக்கு எடுப்பது தனி.

எனவே எப்போதாவது ஒரு போட்டிக்கு முன் எடுப்பது ஒன்று, நாள்தோறும் தேவைப்படுவது வேறொன்று. நாள்தோறும் தேவைப்படுகிறது என்றால் அழற்சியைக் குறைக்கும் மருந்து வேண்டும். அதாவது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. பியூடெசோனைடு, பெக்லோமெத்தசோன் போன்றவை இவ்வகை. இவை இன்று எடுத்து இன்றே பலன் தருபவை அல்ல. இரண்டு முதல் நான்கு வாரங்கள் விடாமல் எடுத்தால்தான் ஓட்டத்தின்போது வேறுபாடு தெரியும். ஒரு வாரம் எடுத்துவிட்டுப் பலனில்லை என்று மூலையில் வைத்துவிடுவதுதான் நான் அதிகம் கண்ட தவறு. 2019-ஆம் ஆண்டு ஜினா தன் அறிவுரையை மாற்றி, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகத் தருவதை விலக்கியது. ஸ்டீராய்டும் ஃபார்மோடெரால் என்ற விரைந்து வேலை செய்யும் தசைத் தளர்த்தியும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தேவைப்படும்போதும் ஓடுவதற்கு முன்பும் எடுப்பது இப்போது முதன்மையாகச் சொல்லப்படும் வழி. நிவாரணம் தேடும் ஒவ்வொரு முறையும் அழற்சிக்கான மருந்தும் கூடவே உள்ளே போய்விடுகிறது என்பது இதன் அழகு. உங்கள் மகளுக்கு 14 வயது என்பதால் இந்த வழி அவளுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஃபார்மோடெரால், சால்மெடெரால் போன்ற நீண்டநேர மருந்துகளை ஸ்டீராய்டு இல்லாமல் தனியாக எடுப்பது ஆஸ்துமாவில் ஆபத்தானது.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதுமே பெற்றோர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பெண் குழந்தை என்றால் வளர்த்தி நின்றுவிடுமோ என்ற கவலை கூடுகிறது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அமெரிக்காவில் ஐந்து முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகள் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் பியூடெசோனைடு கொடுத்து, அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகு அளந்து பார்த்தபோது, மருந்தில்லாக் குழுவைவிட சராசரி உயரம் 1.2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. இழப்பு உண்டு, ஆனால் இவ்வளவுதான். அளவைக் குறைத்துப் பயன்படுத்தினால் அதுவும் குறையும். கட்டுப்படாத ஆஸ்துமாவும், அதற்காக அடிக்கடி விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் வளர்ச்சிக்குச் செய்யும் கேட்டோடு ஒப்பிட்டுத்தான் இதை எடைபோட வேண்டும்.

மான்டெலுகாஸ்ட் என்ற மாத்திரையும் இதற்குப் பயன்படுகிறது. ஓடுவதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னால் விழுங்கினால் ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் ஓரளவு காக்கும், நாள்தோறும் எடுத்தாலும் பலன் தேய்வதில்லை. ஆனால் தூக்கக் கெடுதல், கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, அரிதாகத் தற்கொலை எண்ணம்வரை மனநிலை மாற்றங்கள் தோன்றலாம் என்பதால், 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் மீது மிக வலுவான எச்சரிக்கையைப் பதித்தது. பதின்ம வயதுப் பிள்ளைக்கு இதைத் தொடங்கினால், அவளுடைய இயல்பில் மாற்றம் தெரிகிறதா என்று வீட்டில் கவனிப்பது மருந்து கொடுப்பதைப் போலவே கடமை.

எந்த மருந்தானாலும் அது நுரையீரலுக்குள் போனால்தான் மருந்து. பிள்ளைகள் இன்ஹேலர் எடுப்பதை எதிரே நின்று பார்த்தால், பாதிப்பேர் மருந்தை நாக்கில்தான் அடித்துக்கொள்கிறார்கள் என்பது தெரியும். அழுத்தி அடிக்கும் வகை இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுதும் வெளியே விட்டு, வாயில் வைத்து, மெதுவாக ஆழ்ந்து இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். இரண்டாவது பஃப்புக்கு அரை நிமிடமாவது பொறுத்து மீண்டும் குலுக்க வேண்டும். ஸ்பேசர் என்ற உருளையை இடையில் பொருத்தினால் கையையும் மூச்சையும் ஒருங்கிணைக்கும் சிரமம் நீங்கி, நுரையீரலுக்குப் போகும் அளவும் கூடுகிறது. ஸ்பேசர் சிறு குழந்தைகளுக்கு மட்டுமே என்ற எண்ணம் தவறு. அதைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசித் துடைக்காமல் காயவிடுங்கள்; துணியால் துடைத்தால் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கேப்சூலைத் துளைத்து இழுக்கும் தூள் வகைக் கருவிக்கு இதற்கு நேர்மாறு: அதை வேகமாக, வலுவாக இழுக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித் தராமல் போவது வருத்தமான வழக்கம். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். குப்பியின் நிறத்தை மட்டும் நம்பாமல் மருந்தின் பெயரைப் படியுங்கள். நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன.

மருந்தில்லாத காப்புகளில் மிகுந்த பலன் தருவது உடலைச் சூடேற்றும் முறை. ஒருமுறை குழாய்கள் இறுகித் தளர்ந்தபின், ஏறக்குறைய பாதிப்பேருக்கு அடுத்த ஒன்று முதல் மூன்று மணி நேரம்வரை அதே ஓட்டம் அவ்வளவு இரைப்பைத் தருவதில்லை. இந்த ஓய்வுக் காலத்தைச் சூடேற்றும் பயிற்சியாலேயே, முழு இரைப்பு வராமல், வரவழைக்க முடியும். வெறுமனே கைகாலை நீட்டி மடக்குவது போதாது; வேகம் கூடிக் குறைய வேண்டும். ஐந்து நிமிடம் மெல்லோட்டம், பிறகு அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான வேகப் பாய்ச்சல்கள் ஏழெட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நிமிடத்துக்குமேல் நடை, கடைசியில் சிறிது ஓய்வு என்று மொத்தம் 15, 20 நிமிடங்கள் ஒதுக்கினால், 1500 மீட்டருக்கு அது நல்ல அடித்தளம். ஓடி முடித்ததும் சட்டென்று உட்காராமல் பத்து நிமிடம் மெல்ல நடந்து மூச்சை இறக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியரிடம் இதைக் கேட்டுக்கொள்ளலாம். ஓட்டத்தை நிறுத்தச் சொன்னதும் அவளுடைய நலன் கருதித்தான் என்பதால், அவர் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

காற்றைப் பொறுத்தவரை, மார்கழியின் விடியற்காலை இவளுக்குப் பொருந்தாத நேரம். காற்று குளிர்ந்திருப்பதோடு, தரைக்கு அருகிலேயே தேங்கியும் இருப்பதால் வாகனப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் கலையாமல் தங்கியிருக்கும். வெயில் ஏறிய பிறகு பயிற்சியை மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் மெல்லிய துணியை மூக்கையும் வாயையும் மூடக் கட்டிக்கொண்டு சூடேற்றும் பயிற்சியைச் செய்யலாம், வெளிவிடும் மூச்சின் ஈரத்தையும் சூட்டையும் அது திருப்பித் தரும். போகியன்றும் தீபாவளியை ஒட்டிய இரண்டு நாள்களும் வெளியே கடுமையாக ஓட வேண்டாம். நெடுஞ்சாலையோரம் ஓடுவதைவிடப் பள்ளி மைதானம் மேல். அவளுக்குத் தும்மலும் மூக்கடைப்பும் சேர்ந்திருந்தால் அதற்கு மருத்துவம் செய்யாமல் ஆஸ்துமாவை மட்டும் பார்ப்பது அரைகுறை வேலை. மூக்கு அடைத்த பிள்ளை மெல்லோட்டத்திலும் வாயால்தான் மூச்சு விடுவாள். சளிக்காய்ச்சல் வந்துபோனால் குழாய்கள் சில வாரங்கள் எளிதில் சினக்கும் நிலையில் இருக்கும். அந்த வாரங்களில் பயிற்சியின் கடுமையைக் குறைக்கவும். சும்மா இருக்கும்போதே இரைப்பு உள்ள நாளில் போட்டியில் இறங்கவே கூடாது.

நீச்சலுக்கு மாற்றிவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். நீர்ப்பரப்பின் மேலுள்ள ஈரக்காற்று நல்லதுதான், ஆனால் காற்றோட்டமில்லாத உள்ளரங்கக் குளங்களில் குளோரினும் வியர்வையும் சிறுநீரும் சேர்ந்து உண்டாகும் குளோரமைன் வாயு குழாய்களை எரிச்சலூட்டும். கண் கரிக்கும் அளவு நெடி அடிக்கும் குளம் வேண்டாம். விட்டுவிட்டு ஓடும் கைப்பந்து, இறகுப்பந்து, கிரிக்கெட் ஆகியவை நெடுந்தூர ஓட்டத்தைவிட இரைப்பைக் குறைவாகத் தூண்டும் என்பது உண்மை. ஆனால் பெண் ஓட விரும்புகிறாள் என்றால், அவளுக்கேற்ற மருத்துவத்தைத் தேட வேண்டுமே தவிர விளையாட்டை மாற்றச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓட்டத்தை நிறுத்திய பிள்ளையின் உடல்திறன் குறையும். திறன் குறைந்த உடல் மாடிப்படி ஏறினாலும் மிகுதியாக மூச்சு வாங்கும். அதைக் கண்டு வீட்டில் இன்னும் கட்டுப்படுத்துவார்கள். பயிற்சி கூடிய உடலோ அதே வேலையைக் குறைந்த மூச்சில் செய்துவிடும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் 597 வீரர்களில் 67 பேருக்கு இந்த நோய் இருந்தது; அவர்கள் வென்ற பதக்கங்கள் 41. 14 வயதில் ஆஸ்துமா என்று கண்டறியப்பட்ட பௌலா ராட்கிளிஃப் 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தார். உங்கள் மகளுக்கும் இப்போது அதே வயதுதான். இதை அவளிடம் சொல்லுங்கள்.

மூச்சுப் பயிற்சிகள் மனத்தை அமைதிப்படுத்தும், இரைப்பின்போது பதற்றத்தைக் குறைக்கும், இன்ஹேலருக்கு மாற்றாகா. கபாலபாதிபோல் வேகமாக மூச்சைத் தள்ளும் பயிற்சிகள் சிலருக்கு இரைப்பையே தூண்டக்கூடும். கடுங்காப்பிக்குக் குழாயை விரிக்கும் ஆற்றல் சிறிது உண்டு, நம்பி இருக்கும் அளவுக்கு இல்லை.

மைதானத்தில் இரைப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை ஆசிரியரும் இரண்டு தோழிகளும் அறிந்திருக்க வேண்டும்; இன்ஹேலர் அவளுடைய பையில் இருக்க வேண்டும், தலைமையாசிரியர் அறையின் பூட்டிய அலமாரியில் அல்ல. ஓட்டத்தை உடனே நிறுத்தி, நிமிர்ந்து உட்கார வைத்து, படுக்க விடாமல், ஸ்பேசர் வழியாக நீல இன்ஹேலரை ஒவ்வொரு பஃப்பாக அரை நிமிட இடைவெளியில், தேவைப்பட்டால் பத்து பஃப் வரை கொடுக்கலாம். அதற்கும் தணியவில்லை என்றாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ, விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை பஃப்பைத் தொடர வேண்டும். இரைச்சல் சத்தம் திடீரென அடங்கிப் பிள்ளை சோர்ந்துபோவது தேறியதன் அடையாளம் அல்ல. காற்றே உள்ளே போகவில்லை என்பதாக இருக்கலாம். இரைப்போடு உடம்பெல்லாம் தடிப்பும் முகவீக்கமும் சேர்ந்து வந்தால் அது கடும் ஒவ்வாமை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மாவட்டம், மாநிலம் என்று அவள் மேலே போனால் ஊக்கமருந்து விதிகளையும் இப்போதே அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுக்கும் மான்டெலுகாஸ்ட்டுக்கும் தடை இல்லை. உள்ளிழுக்கும் சால்பியூட்டமால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எட்டு மணி நேரத்தில் 600 மைக்ரோகிராம் என்ற உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் எல்லைக்குள் அனுமதிக்கப்படுகிறது. மாத்திரையாகவோ சிரப்பாகவோ விழுங்கினால் தடை. நம் மருந்துக்கடைகளில் கேட்டதும் கிடைக்கும் இருமல் சிரப்புகள் பலவற்றில் டெர்பியூட்டலினோ சால்பியூட்டமாலோ கலந்திருக்கிறது என்பதால், போட்டிக் காலத்தில் பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்காமல் ஒரு மூடிகூடக் கொடுக்காதீர்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் முதலில் வந்த ரிக் டிமாண்ட், 16 வயதுப் பையன், தன் ஆஸ்துமா மருந்திலிருந்த எஃபிட்ரினுக்காகத் தங்கத்தை இழந்தான். அந்த மருந்தைத் தான் எடுப்பதை அவன் படிவத்தில் முன்பே எழுதியிருந்தான், அதிகாரிகள் அதை உரிய இடத்துக்குக் கொண்டுபோகவில்லை.

அடுத்த முறை மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு ஓடினாள், சூடேற்றிக்கொண்டாளா, முன்னால் பஃப் எடுத்தாளா, இருமல் எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கி எப்போது நின்றது, கருவி வாங்கியிருந்தால் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அளவு என்ன, இரவில் இருமி எழுந்தாளா, அவசரத்துக்கு எத்தனை பஃப் செலவானது. இரவு இருமல் ஒருமுறை இருந்தாலும் அதை அடிக்கோடிடுங்கள். ஓட்டம் இல்லாத நேரத்திலும் அழற்சி இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கூடவே எடுத்துச் சென்று, மருத்துவர் எதிரிலேயே மகளை ஒரு பஃப் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பாட்டியும் வரட்டும், அவருடைய கேள்விகளுக்கும் அங்கேயே விடை கிடைக்கட்டும்.